பலேடியமும் பழனியம்மாவும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனி ஆண்டு மலர் போடுகிறதாம். போன மாதம் இரண்டு இளைஞர்கள் மைசூர் விஜயநகரில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "உழைப்பு, ஒழுக்கம், துல்லியம், இந்த மூணையும் தொட்டு ஒரு கட்டுரை கொடுங்க சார்" என்றார்கள். மூன்றையும் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. மூன்றிலும் தவறியிருக்கிறேன்.

அவர்களில் ஒருவன், தாங்கள் இப்போது நானோ துகள் பலேடியத்தை வைத்துக் கார்பனோடு கார்பனை இணைக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னான். "உங்க காலத்துல என்ன சார் யூஸ் பண்ணீங்க?" என்று கேட்டான். நாங்களும் அதே பொடியைத்தான் பயன்படுத்தினோம். அதற்கு நானோ என்று பெயர் இருப்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் வெங்காயத்தையும் பயன்படுத்தினோம். இதைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆகவே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நான் மைசூரிலேயே பிறந்து, கன்னடத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் தேறினேன். ஒரு சர்க்கரை ஆலையில் இரண்டு வருடம் கரும்புச் சாறு சோதித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, ஐந்து காந்தக் கலக்கிகள், டாக்டர் சம்பத், நான், கண்ணாடிப் பாத்திரம் கழுவப் பழனியம்மா. அவ்வளவுதான் ஆராய்ச்சிப் பிரிவு.

செய்த வேலை என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூலக்கூறுகள் இருக்கும். ஒன்றின் கார்பனை இன்னொன்றின் கார்பனோடு கட்டிப்போட வேண்டும். அவை சும்மா சேராது, கொதிக்க வைத்தாலும் சேராது. பலேடியம் என்ற விலைகூடிய உலோகத்தை ஒரு சிட்டிகை போட்டால் சேரும். கல்யாணத் தரகர் மாதிரிதான். இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இப்படிச் சேர்த்துவைத்துவிட்டுத் தான் மாறாமல் இருப்பதைத்தான் கேட்டலிஸ்ட் என்கிறோம். பலேடியத்தை அப்படியே போட்டால் கட்டுப்படியாகாது என்பதால், கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கிக் கரித்தூள்மேல் ஏற்றி வைத்துக்கொள்வோம்.

அந்தக் கரியைச் செய்வதை டாக்டர் சம்பத்திடம் கற்றேன். மேலுகோட்டைப் பக்கம் பூர்வீகம், மெலிந்த உடம்பு, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. தேங்காய் ஓட்டுக் கரியை முதலில் அமிலத்தில் வேகவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீர் குடிக்கும் நீரைப் போல இருக்கும்வரை கழுவ வேண்டும். ஒரு நாள், "போதுமா சார்?" என்று கேட்டதற்கு, "இதை நீர் குடிப்பீரா?" என்றார். இன்னும் ஆறு முறை கழுவினேன். பிறகு பலேடியம் உப்பை அமிலத்தில் கரைத்து, காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும் அதைக் கரிக் கலவையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோடா, அதன்பின் ஃபார்மலின். தண்ணீரில் இருந்த நிறம் மெல்ல மறைந்து, பலேடியம் முழுவதும் கரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வடிகட்டும்போது மட்டும் அது காயவே கூடாது. காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். ஒருமுறை வடிதாளோடு என் கையிலேயே பற்றியது. டாக்டர் ஓடிவந்தார். என் கையைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு போச்சு?" என்றார்.

நல்ல மனிதர்தான். குரல் உயர்த்தமாட்டார். ஆனால் ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பிரம்மா வந்தாலும் பெயர்க்க முடியாது.

பதிந்தது கந்தகம். கந்தகம் துளி பட்டாலும் பலேடியம் செத்துவிடும். இது உண்மை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வெங்காயத்தில் கந்தகம் இருக்கிறது. இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் அவர் ஒருநாள் சேர்த்துவைத்தார். மறுநாளிலிருந்து வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, பெருங்காயம் தின்றவர்கள் அறைக்குள் வரக்கூடாது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவரே வாசலில் நிற்பார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தால், "ஊதும்" என்பார். நான் அவர் முகத்துக்கு நேராக ஊதுவேன். கண்ணை மூடி முகர்ந்து, "சாம்பாரிலே பெருங்காயம். மூணு மணிக்கு வாரும்" என்பார்.

கம்பெனி முழுக்க, ஐயங்கார் மடி ஆசாரத்தை ஆபீசுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று பேச்சு. அவர் காதுக்கும் எட்டியது. "ராஜூ, இது மதம் இல்லை ஓய், கெமிஸ்ட்ரி. கந்தகத்துக்கு ஜாதி கிடையாது, கொத்தா, தெரியறதா?" என்றார். பாதி தமிழ், பாதி கன்னடம், அவர் வீட்டுப் பேச்சே அப்படித்தான்.

அத்தோடு விடவில்லை. வாசனை கூடப் புகக்கூடாது என்று சைக்கிள் டியூப் வாங்கிவரச் சொன்னார். அதை வட்டவட்டமாக வெட்டி, இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையின் மூடி, கழுத்து, இணைப்பு எல்லாவற்றிலும் இறுக்கி மாட்டினோம். குடுவை மழைக்கோட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்த பேட்ச் ஊற்றிக்கொண்டது. நான்கு நாள் கொதித்தும் ஒன்றும் சேரவில்லை. கரி செத்துவிட்டது. அந்தப் பொருளுக்காக ஒரு பம்பாய் கம்பெனி காத்திருந்தது. எம்.டி. மேலும் கீழும் குதித்தார். அறைக்குள் யாரோ கந்தகம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். யார் என்பதற்கு நீண்ட விசாரணை தேவைப்படவில்லை.

பழனியம்மாவுக்கு அப்போது நாற்பதுக்குமேல் இருக்கும். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் கல் உடைத்து உடைத்து நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவினாள். வருடா வருடம் பர்மனெண்ட் ஆக்குகிறோம் என்பார்கள். ஆக்கினால் புருஷனுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம். அவளுடைய மத்தியானச் சாப்பாடு ராகிக் களியும் ஒரு பச்சை வெங்காயமும். வாசல் சோதனை அவளுக்குக் கிடையாது. கழுவும் அறைக்குப் பின்வாசல் இருந்தது.

"நீ வெங்காயம் சாப்டயா?" என்றார் டாக்டர்.

"சாப்புடாம? களிக்கு வேறென்னுங் தொட்டுக்கறது?"

"அந்தக் கையாலே குடுவையைத் தொட்டயா?"

"கழுவறதுன்னா தொடோணுமல்லங். ஆனா டாக்டருங், அந்தக் குடுவையத் தொறந்தப்ப வெங்காய நாத்தம் வரலீங். டயரு எரிஞ்ச நாத்தந்தான் வந்துச்சு."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிக்க வேண்டாம் என்று டாக்டர் எம்.டி.க்குக் குறிப்பு எழுதினார்.

ஆனால் அவர் நியாயஸ்தர். நிரூபிக்காமல் ஒருத்தியை அனுப்புவதற்கு மனசு ஒப்பவில்லை. சோதனை செய்தே தீருவேன் என்றார். நான்கு சிறிய குடுவைகள். முதல் மூன்றிலும் பலேடியக் கரி. ஒன்றில் ஏகாதசி விரதமிருந்த டாக்டரின் மூச்சு, இரண்டாவதில் பூண்டு ஊறுகாய் தின்ற என் மூச்சு, மூன்றாவதில் வெங்காயம் தின்ற பழனியம்மாவின் மூச்சு. நான்காவதில் கரியே கிடையாது. சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதிலும் பழனியம்மாவை ஊதச் சொன்னார், எல்லா அம்சத்திலும் ஒத்திருக்க வேண்டுமாம். கண்ணாடிக் குழாய் வழியாக ஆளுக்கு மூன்று மூச்சு, ஒவ்வொன்றும் பத்து விநாடி. ஸ்டாப்வாட்ச் என் கையில். வெங்காயத்தைப் பகுப்பாய்வுத் தராசில் நான்கு தசம ஸ்தானம்வரை எடைபோட்டோம்.

"என்ற வாயக் கொப்புளிச்சுட்டு ஊதட்டுங்களா?" என்றாள் பழனியம்மா.

"கூடவே கூடாது!" என்றார் டாக்டர்.

ஐந்தாவதாக ஒரு குடுவை வைத்திருக்க வேண்டும். கரியும் இல்லை, மூச்சும் இல்லை என்று. ஐந்தாவது கலக்கி ரிப்பேருக்குப் போயிருந்தது. அதன்பின் நடந்த அத்தனை கூத்துக்கும் காரணம் அந்த ரிப்பேர்க் கடைக்காரர்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்பது எனக்கே தெரியும்.

மறுநாள் காலையில் நான்கிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்து, விளக்குக்குக் கீழே பார்த்தோம். மூலக்கூறுகள் சேர்ந்திருந்தால் தகட்டில் புதிதாக ஒரு புள்ளி மேலே தெரியும். முதலாவதில் தெரிந்தது. இரண்டாவதில் தெரிந்தது. மூன்றாவதிலும் தெரிந்தது. ஆக வெங்காயத்தால் பலேடியம் சாகவில்லை, பழனியம்மா குற்றமற்றவள். நான் பெருமூச்சு விட்டேன். அப்போது டாக்டர் நான்காவது புள்ளியைக் காட்டினார். எல்லாவற்றையும்விட அதுதான் பளிச்சென்று இருந்தது.

கரியே போடாத குடுவை!

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ராஜூ, இதிலே பலேடியம் இல்லை, அல்வா?" என்றார், கன்னடத்தில் அல்லவா என்கிற அர்த்தத்தில். "இல்லை சார்." "வேற என்ன இருந்தது?" "மூச்சு சார்." "யாரோட மூச்சு?" "பழனியம்மக்காவோட மூச்சு சார்." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கேட்டிருக்கிறேன். பனம்பழம் விழுந்த காரணத்தால் காக்கைக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் நாற்காலி போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று முறை திரும்பச் செய்தோம். மூன்று முறையும் புள்ளி வந்தது. எம்.டி.யைக் கூட்டிவந்து காட்டினார். விலைகூடிய உலோகமே இல்லாமல், வெங்காயம் தின்ற மூச்சால் கார்பனும் கார்பனும் சேர்கிறது! எம்.டி. முதலில் சிரித்தார், பிறகு பலேடியம் வாங்கும் செலவை நினைத்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்கள் மூவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். பழனியம்மாவுக்கு அது பொருந்தாது என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

அடுத்த மூன்று வாரம் நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறந்ததிலிருந்து வெங்காயம் தொடாத டாக்டர், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேவராஜா மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கினார். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெள்ளை வெங்காயம் என்று தனித்தனி ஜாடி, ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண். பையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை அவர் மனைவி பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லையாம். "ஆத்துலே சொல்லவும் முடியலை, மறைக்கவும் முடியலை ஓய்" என்று என்னிடம் குறைப்பட்டார். பழனியம்மாவுக்கு ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவள் தும்மினால் கம்பெனி டாக்டர் ஓடிவருவார். கழுவுகிற வேலை செய்தால் மூச்சு வாங்கும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போய்வர இரண்டு நாள் லீவு கேட்டாள். விரதம் இருந்தால் வெங்காயம் தின்னமாட்டாள் என்பதால் லீவு மறுக்கப்பட்டது.

"தம்பி, கழுவுனப்பக் கெடச்ச லீவுகூட ஊதுனாக் கெடைக்க மாட்டேங்குதுங்களே" என்றாள்.

எம்.டி. ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பம்பாய் கம்பெனியிலிருந்து ஒரு வேதியியல் நிபுணர் வருகிறார். அவர் முன்னால் இருபது லிட்டர் குடுவையில் பழனியம்மா ஊதி, வினை நடந்துவிட்டால், அன்றே பர்மனெண்ட் ஆர்டர். நடக்காவிட்டால் பழைய குறிப்பு அப்படியே இருக்கிறது. மாதக் கடைசியும் அதே வாரம்தான்.

இங்கேதான் என் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிறிய குடுவைக்குள் கலக்குவதற்கு ஒரு வெள்ளைக் குச்சி போடுவோம். விரல் கணு அளவு காந்தம், அதன்மேல் பிளாஸ்டிக் உறை. நாங்கள் 'பீட்' என்போம். பலேடியம் அந்த உறையில் ஒட்டிக்கொள்ளும். அசிட்டோனில் அலம்பினால் போகாது. அரசநீர் என்கிற, தங்கத்தையே கரைக்கும் மஞ்சள் அமிலக் கலவையில் ஊறவைக்க வேண்டும். அப்படி ஊறவைத்ததாக ஒரு புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடவேண்டும். ஒருநாள் அரசநீரை மூடி போட்ட பாட்டிலில் திருகி வைத்தேன். வைக்கக்கூடாது என்று படித்திருந்தும் வைத்தேன். அது வெடித்து, என் பேண்ட்டில் எட்டு ஓட்டை. அன்றோடு எனக்கு அதன்மேல் பயம் வந்துவிட்டது. "மஞ்சத் தண்ணி வேண்டாங்களா தம்பி?" என்று பழனியம்மா கேட்டபோது, "வேண்டாம்க்கா, சும்னே அசிட்டோன்ல அலம்பினா போதும்" என்றேன். புத்தகத்தில் மட்டும் தினமும் 'அரசநீரில் கழுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடத்துக்குமேல் போட்டேன்.

பம்பாய்க்காரர் வருவதற்கு முந்தைய நாள், ரிப்பேருக்குப் போன ஐந்தாவது கலக்கி திரும்பி வந்தது. அதைச் சோதித்துப் பார்க்கக் கைக்குக் கிடைத்த பீட்டை எடுத்தேன். பெருச்சாளி நிறத்தில் இருந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான்காவது குடுவையில் கரி இல்லாவிட்டாலும் பலேடியம் இருந்திருக்கிறது, பீட்டில் ஒட்டிக்கொண்டு.

டாக்டர் எம்.டி. அறையில் இருந்தார். நான் மூன்று குடுவை வைத்தேன். கறுத்த பீட், யாரும் ஊதவில்லை. புதிய பீட், யாரும் ஊதவில்லை. புதிய பீட், பழனியம்மா ஊதினாள். சாயங்காலம் தகட்டில் பார்த்தேன். கறுத்த பீட் இருந்ததில் மட்டும் புள்ளி. மற்ற இரண்டும் சுத்த வெறுமை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

அவளைக் கூப்பிட்டுத் தகட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு இருபது லிட்டர் குடுவையில் மோட்டார் கலக்கி, பீட் கிடையாது, அதனால் கட்டாயம் தோற்கும் என்றேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"என்ற மூச்சுல அப்படி ஒரு மகிமை இருந்தா, என்ற ஊட்டுக்காரரு நெஞ்சுலயே ஊதியிருக்க மாட்டனுங்களா?" என்றாள்.

அரைக் கரண்டி பலேடியக் கரியை ஒரு சிறிய புட்டியில் போட்டு ஈரமாக வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். "பயப்படாதீங்கக்கா. நீங்க ஊதும்போது நான் யாருக்கும் தெரியாம இதைப் போட்டுடறேன். ஆர்டர் வந்துடும்."

புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு நீங்க போடுவீங்க. நாளன்னிக்கு ஆரு போடறது? நான் சாகற வரைக்கும் ஊதிட்டே இருக்கோணும், நீங்க சாகற வரைக்கும் போட்டுட்டே இருக்கோணும். இதெல்லாம் ஒரு பொழப்புங்களா தம்பி?"

"வேலை போயிடுமேக்கா."

"பதனோரு வருசமாக் கழுவியிருக்கறன். ஒரு குடுவை ஒடைச்சதில்ல. அதுக்குக் குடுக்கச் சொல்லுங்க பர்மனெண்ட்டு. ஊதறதுக்கு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை. வாசலில் கோலம். எம்.டி. டை கட்டியிருந்தார். பம்பாய் நிபுணர் வழுக்கைத் தலையும் சந்தேகப் பார்வையுமாக வந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்கினார். "கேட்டலிஸ்ட் எங்கே?" என்று நிபுணர் கேட்டார். எம்.டி. பழனியம்மாவைச் சுட்டிக்காட்டினார். நிபுணர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவளும் அவரை அப்படியே பார்த்தாள்.

இருபது லிட்டர் குடுவை மழைக்கோட்டோடு கொதித்துக்கொண்டிருந்தது. தொகுதி எண் பதினேழு வெங்காயம் தட்டில் வெட்டி வைத்திருந்தது. என் கோட்டுப் பையில் புட்டி. அவள் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்து வந்திருந்தேன். பயந்தவன் புத்தி.

பழனியம்மா வெங்காயத்தைத் தொடவில்லை. "ஆர்டரக் குடுங்க. பொறவு ஊதறன்."

எம்.டி.க்கு முகம் சிவந்தது. முதலில் வினை, பிறகு ஆர்டர் என்று கன்னடத்தில் சொன்னார். அவளும் கன்னடத்திலேயே, கேட்டலிஸ்ட் உள்ளே போகாமல் வினை எப்படி நடக்கும் என்று கேட்டாள். நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டச்சு செய்த ஆர்டர் ஃபைலில் தயாராகத்தான் இருந்தது. எம்.டி. எரிச்சலோடு கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் அதை என்னிடம் கொடுத்தாள். "படிங்க தம்பி. தமிழ்ல சொல்லுங்க."

படித்தேன். பதவி, ஆய்வக உதவியாளர், நிரந்தரம். கடைசி வரியில், 'சிறப்புப் பணி: ஊதுதல்.'

"அதை அடிச்சுப்போடச் சொல்லுங்க. கழுவறதுன்னு எழுதச் சொல்லுங்க."

எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார், மாற்றி எழுதினார், ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டார். பழனியம்மா தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்தத் தம்பி ஒண்ணு சொல்லோணுங்களாம்" என்றாள்.

நான் எதுவும் சொல்வதாக இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் மிகவும் ஆவலோடு பார்த்தார், ஏதோ புதிய தரவு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை. புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். இழுப்பறையில் கிடந்த கறுத்த பீட்டுகளை எடுத்து வைத்தேன். கழுவியதாக எழுதிய புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் இலக்கணம் கைவிட்டதும் தமிழுக்கு வந்தேன்.

"டயரு நாத்தத்தையும் சொல்லிப்போடுங்க" என்றாள் பழனியம்மா.

அதையும் சொன்னேன். சொல்லும்போதே விழித்துக்கொண்டேன். சைக்கிள் டியூப் ரப்பர்! ரப்பரை இறுக்குவதே கந்தகம் போட்டுத்தானே. கொதிக்கிற கரைப்பான் அதைக் கரைத்து உள்ளே சொட்டியிருக்கிறது. வெங்காயத்தின் கந்தகத்தைத் தடுக்க, வெங்காயத்தைவிட ஆயிரம் மடங்கு கந்தகத்தைக் குடுவையின் கழுத்திலேயே கட்டிவைத்திருந்தோம். தும்பை விட்டு வாலைப் பிடித்ததோடு நிற்காமல், வாலுக்குப் பொட்டும் வைத்திருந்தோம். அன்று என் புட்டியை நான் களவாகப் போட்டிருந்தாலும் அது செத்துத்தான் போயிருக்கும்.

நிபுணர் ஒரு பீட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். எம்.டி. என்னை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் கழுவும் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு வாரத்துக்கும் அடியில் என் கையெழுத்துக்குக் கீழே, 'பார்வையிட்டேன்' என்று பச்சை மையில் அவருடைய கையெழுத்து.

"இவன் கழுவலை. நான் பார்க்கலை" என்றார். "இந்த அம்மாள் மேலே நான் எழுதின குறிப்பைக் கிழிச்சுடுங்கோ." அந்தக் குரலில் அவர் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரப்பரை எல்லாம் அவரே பிய்த்து எறிந்தார். அடுத்த பேட்ச் பலேடியத்தோடு ஒழுங்காகச் சேர்ந்தது, பம்பாய்க்கும் போனது. வெங்காயத் தடையை மட்டும் அவர் ஓய்வு பெறும்வரை விடவில்லை. கந்தகம் கந்தகம்தானாம். பழனியம்மாவுக்கு மட்டும் விலக்கு.

எனக்கு ஆறு மாதம் கழுவும் அறை. தினமும் பீட்டுகளை அரசநீரில் ஊறவைத்துக் கழுவிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பார்வையிட்டுக் கையெழுத்துப் போட கழுவும் பிரிவில் நிரந்தர ஊழியர் ஒருவர் வேண்டுமே. ஒருவர்தான் இருந்தார்.

முதல் நாள் நாற்பது பீட்டைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டு போனேன். எட்டு ஓட்டை பேண்ட் நினைவில் எட்ட நின்றே கழுவியது. பழனியம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டை இந்தப் பக்கம் வைத்தாள். இரண்டை அந்தப் பக்கம் ஒதுக்கினாள்.

"அது பழைய கறைக்கா. போகாது. கையெழுத்துப் போட்டுடுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை மூடி, புத்தகத்தின்மேல் வைத்தாள். பதினோரு வருடம் யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒருத்தியிடம், பார்க்காமல் கையெழுத்துக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி கழுவப் போனேன்.